“நேற்று படித்தது இன்று இல்லை”: தங்கைக்காக ஓர் அண்ணன் எழுதிய கடிதம்

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 27 வயது அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். ஓசூரில் கம்பெனி வேலை. அவருடைய தங்கைக்கு வயது 20, பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. குடும்பத்தை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஒரு வாரம் தலைவலியும் லேசான காய்ச்சலும் இருந்தது. அப்புறம் தூக்கம் போய்விட்டது. ராத்திரி முழுக்கப் பேசினாள். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று அம்மாவைப் பார்த்தே பயந்தாள். ஊரில் காத்து கருப்பு என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டி, கோடாங்கியிடம் கூட்டிப்போய், மூன்று வாரம் கழிந்தது. பிறகு ஒரு மருத்துவமனையில் மனநோய் என்று ஊசி போட்டார்கள். உடம்பு விறைத்தது, வலிப்பும் வந்தது. பெங்களூருக்குக் கொண்டுபோன பிறகுதான் முதுகில் நீர் எடுத்துச் சோதித்து, என்எம்டிஏ ஏற்பிக்கு (நரம்பணுவின் மேல் இருந்து செய்தியைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துக்கு) எதிராக உடம்பே தயாரித்த ஆன்டிபாடியால் வந்த மூளை அழற்சி என்று சொன்னார்கள். ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றுதல், ரிட்டுக்ஸிமாப் என்று சிகிச்சை போனது. இரண்டு மாதம் கழித்து வீடு திரும்பினாள். இப்போது ஐந்து மாதம் ஆகிறது.

“பேச்சு, நடை எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் நேற்று படித்தது இன்று இல்லை. கோலம் மறக்கவில்லை, களி கிண்டுகிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள், பத்தாம் வகுப்பில் படித்ததைச் சொல்கிறாள். நேற்று வந்த மாமாவைத் தெரியவில்லை என்கிறாள். நடிக்கிறாளோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். படிச்சு படிச்சுத்தான் மூளை சூடாயிடுச்சு என்று அம்மா புத்தகத்தையே எடுத்து வைத்துவிட்டார். முகம் உப்பிவிட்டதால் மாத்திரையை நிறுத்தலாம் என்கிறார். தை பிறந்ததும் கல்யாணம், நோய் விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்றும் பேச்சு நடக்கிறது. என் நண்பன் அவனுடைய தாத்தா சாப்பிடும் மெமான்டின் என்ற ஞாபக மாத்திரையைச் சொன்னான். நெட்டில் பார்த்தேன், அதுவும் என்எம்டிஏ சம்பந்தப்பட்டதுதான் என்று போட்டிருக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா? போன ஞாபகம் திரும்புமா?”

அன்புள்ள தம்பி,

முதலில் மெமான்டின். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் மருந்து. உங்கள் தங்கைக்கு வந்த நோயே அந்த ஏற்பிகள் குறைந்துபோனதுதான். மிச்சமிருப்பதையும் அடைக்கும் மாத்திரையை நாமாக வாங்கிக் கொடுப்பது நேர் எதிர்த் திசை. தாத்தாவின் நோய் வேறு, அவருடைய மூளையில் இருக்கும் கோளாறும் வேறு. நோயிலும் மாத்திரையிலும் என்எம்டிஏ என்ற ஒரே பெயர் இருந்ததால் நீங்கள் நம்பியது இயல்பு. கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தீர்களே, அது நல்லதாயிற்று.

கோடாங்கியிடம் மூன்று வாரத்தை வீணாக்கிவிட்டோமே என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய் மருத்துவ உலகுக்கே புதியது. நரம்பியல் மருத்துவர் யோசெப் டால்மாவ் குழுவினர் 2007-ல்தான் இதற்குக் காரணமான ஏற்பியைக் கண்டு சொன்னார்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது மனநோய் போலவேதான் தொடங்கும், அதனால் மருத்துவர்களே முதலில் தடம் மாறுவது உண்டு. மகள் அலறும்போது ஊருக்குத் தெரிந்த வழியில் உங்கள் அம்மா ஓடினார். அதை இனி வீட்டில் குற்றச்சாட்டாகப் பேச வேண்டாம்.

அவள் மூளையில் நடந்தது

ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேசும் இடம் சினாப்ஸ். இந்தப் பக்கத்து அணு குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியிடும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அந்தப் பக்கத்து அணுவின் மேல் இருக்கும். அவற்றில் ஆம்பா ஏற்பி அன்றாடச் செய்தியைக் கடத்துகிறது. குளூட்டமேட் வந்தால் திறக்கும், அவ்வளவுதான். என்எம்டிஏ ஏற்பி அப்படிச் சுலபமாகத் திறக்காது. அதன் துளையை ஒரு மெக்னீசிய அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்து ஒட்ட வேண்டும், அந்த நேரத்தில் அணுவும் ஏற்கெனவே கிளர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மெக்னீசியம் விலகும். ரேஷன் கடையில் கார்டு மட்டும் இருந்தால் போதாது, விரல் ரேகையும் விழ வேண்டும் இல்லையா, அது போல.

துளை திறந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. அது சில நொதிகளை முடுக்கிவிட, அவை கூடுதல் ஆம்பா ஏற்பிகளை சினாப்ஸுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அடுத்த முறை அதே செய்தி வரும்போது அணு முன்னைவிடப் பலமாகப் பதில் கொடுக்கிறது. கால்சியம் கொஞ்சமாக, மெதுவாக வந்தால் நேர்மாறாக ஆம்பா ஏற்பிகள் உள்ளே போய் இணைப்பு தளர்கிறது. இணைப்புகள் இப்படிப் பலப்பட்டும் தளர்ந்தும் மாறிக்கொண்டே இருப்பதால்தான் நம்மால் எதையும் கற்க முடிகிறது.

ஒன்றாகக் கிளரும் அணுக்களின் இணைப்பு பலப்படும் என்று டொனால்ட் ஹெப் 1949-ல் ஊகித்து எழுதினார். முயலின் மூளையில் அப்படிப் பலப்படுவதை டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் 1973-ல் விளக்கமாகக் காட்டினார்கள். 1986-ல் ரிச்சர்ட் மாரிஸ் குழுவினர் எலிகளுக்கு என்எம்டிஏ ஏற்பியை மருந்தால் அடைத்துவிட்டு நீரில் விட்டார்கள். எலிகளால் நீந்த முடிந்தது. ஆனால் நீருக்கு அடியில் மறைந்திருந்த மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ளத் திணறின. உங்கள் தங்கையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த எலிகள்தான் நினைவுக்கு வந்தன.

அவள் உடம்பு தயாரித்த ஆன்டிபாடி, என்எம்டிஏ ஏற்பியின் குளூஎன்1 என்ற பகுதியில் போய் ஒட்டியது. இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிணைத்ததும் அணு அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. இங்கேதான் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது: ஏற்பிகள்தான் மறைந்தன, அந்த ஆரம்ப நிலையில் அணுக்கள் சாகவில்லை. ஆன்டிபாடி குறையக் குறைய ஏற்பிகள் திரும்ப மேலே வருகின்றன. இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் எம்ஆர்ஐ சாதாரணமாகவே இருக்கும். “ஸ்கேன் நார்மல், அப்படியென்றால் மனநோய்தானே” என்று உங்கள் உறவினர் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில்.

அம்மாவைப் பார்த்துப் பயந்தது, உளறியது எல்லாமே இதே ஏற்பியின் கதை. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தாகக் கொடுக்கும் கெட்டமினும் இந்த ஏற்பியைத்தான் அடைக்கும். தெளியும்போது சிலர் இல்லாததைப் பார்ப்பார்கள், பிதற்றுவார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மகள் மனதில் அவர் மேல் வெறுப்பு எதுவும் இருந்ததில்லை.

நடிக்கிறாளா?

இல்லை. அப்பா இதை அவசியம் படிக்க வேண்டும்.

கோலம், சைக்கிள், களி கிண்டுவது ஒரு வகை நினைவு, கை பழகியது. பத்தாம் வகுப்புப் பாடம் இன்னொரு வகை, எப்போதோ பதிந்து மூளையின் மேற்பட்டை முழுக்கப் பரவிவிட்டது. நேற்று வந்த மாமா புதுப் பதிவு. புதுப் பதிவுக்கு ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேண்டும், என்எம்டிஏ ஏற்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பழையதை எடுத்துச் சொல்ல ஆம்பா ஏற்பி ஓரளவு போதும். புதியதைப் பதிக்க என்எம்டிஏ இல்லாமல் முடியாது.

அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953-ல் இரண்டு பக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் அகற்றினார்கள். சிறுவயது ஞாபகம் இருந்தது. கண்ணாடியில் பார்த்துப் படம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் முந்தைய நாள் அதே பயிற்சி செய்தது அவருக்கு நினைவே இல்லை. உங்கள் தங்கைக்கு நடந்தது அதைவிட எவ்வளவோ மேல், அவளுடைய ஹிப்போகேம்பஸ் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று நினைவிருந்து இன்னொன்று இல்லாமல் போக முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

மருத்துவமனையில் இருந்த அந்த இரண்டு மாதம் திரும்ப வராது. இதை நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “யோசி, யோசி, ஞாபகம் வரும்” என்று அவளைக் குடைகிறீர்கள் என்று தெரிகிறது. மூளையில் எதையும் பதிக்கும் வசதியே இல்லாத நாட்கள் அவை. எங்கேயும் பதியாததை எங்கிருந்து எடுப்பாள்? கேட்பதை நிறுத்துங்கள்.

இனிமேல் வரும் நாட்களின் கதை வேறு. 577 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வில், 24 மாத முடிவில் 81 சதவீதம் பேர் தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். கவனமும் ஞாபகமும்தான் கடைசியாகத் திரும்பும். ஆண்டுக்கணக்கில் கூட மெதுவாக மேம்படும். சிலருக்குக் கொஞ்சம் குறை தங்கிவிடுவதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஐந்தாவது மாதத்தில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவது சீக்கிரம்.

மாத்திரை

முகம் உப்புவது ஸ்டீராய்டால். மருந்தைக் குறைக்கக் குறைக்க அதுவும் வடியும். ஆனால் பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பு மாத்திரையும் அப்படித்தான், மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட விட வேண்டாம். வலிப்புக்குக் கொடுக்கும் லெவிடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலும் கோபமும் தரும். “சின்னதுக்கெல்லாம் கத்துகிறாள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நோய் என்றோ திமிர் என்றோ முடிவு கட்டாமல் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழி இருக்கலாம்.

நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுவதால், காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்க வைக்காதீர்கள், அன்றே காட்டுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் பெங்களூர் போக வேண்டியதில்லை. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுத்து, முடிவை அவர்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம்.

தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் போன்றவற்றைத் தாமாக வாங்க வேண்டாம். அவை காபா ஏற்பி வழியாக மூளையை அடக்கும், புது ஞாபகம் பதிவதை இன்னும் கெடுக்கும். சளிக்கும் அரிப்புக்கும் போடும், தூக்கம் வரவைக்கும் பழைய மாத்திரைகள், அதாவது அவில் வகை, அசிட்டைல்கோலின் ஏற்பியை அடைத்து இதே தொல்லையைத் தரும். வல்லாரைத் துவையல் கேட்டிருந்தீர்கள். சாப்பாட்டில் தாராளமாகச் சேர்க்கலாம். அதையே பொடியாகவும் லேகியமாகவும் மருந்து போல அளவாகக் கொடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

படிப்பு

படித்ததால் இந்த நோய் வராது. புத்தகத்தை எடுத்து வைத்தது அன்பினால்தான், ஆனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அம்மாவிடம் நானே கேட்டுக்கொள்கிறேன். பயன்படுத்தும் இணைப்புதான் பலப்படும்.

அதே நேரம், ஜூனில் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விடுவாள் என்ற உங்கள் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. தேர்வில் தோற்று, மறுபடி ‘மக்கு’ என்ற பேரோடு வீட்டுக்கு வந்தால் அந்தக் காயம் நோயைவிட ஆழமாக இறங்கும். இடைவெளி எடுத்து அடுத்த ஆண்டு மாணவர்களோடு இரண்டாம் ஆண்டைத் திரும்பத் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். கல்லூரி முதல்வரிடம் ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ பற்றிக் கேளுங்கள். உங்கள் பக்கத்துக் கல்லூரிகள் பெரும்பாலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை, மறு சேர்க்கைக்கான விதியை அங்கேயும் விசாரிக்கலாம். சிகிச்சை எடுத்த தேதிகளும், படிப்பைத் தொடரலாம் என்ற பரிந்துரையும் உள்ள மருத்துவச் சான்று போதும். டிஸ்சார்ஜ் சம்மரி முழுவதையும் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்க வேண்டியதில்லை, அது அவளுடைய அந்தரங்கம்.

வீட்டில் எப்படிப் படிப்பது? ஒரு சினாப்ஸ் பலப்படும்போது முதல் மாற்றம் சில நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் அது நிலைக்க அணு புதுப் புரதங்களைத் தயாரிக்க வேண்டும், அதற்கு மணிக்கணக்கு ஆகும், தூக்கமும் வேண்டும். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார வைப்பதில் பலன் குறைவு. இருபது நிமிடம் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தானே எழுதிப் பார்க்கட்டும். தப்பானால் பரவாயில்லை, பார்த்துத் திருத்தட்டும். மறுநாள் புதுப் பாடத்துக்கு முன்னால் அதையே மீண்டும் ஒரு முறை. அப்புறம் மூன்று நாள் விட்டு. நீங்கள் உட்கார்ந்து கேள்வி கேட்பதானால் சோதனை போடுகிற முகத்தோடு கேட்காதீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அது பழைய பதிவு, பெரும்பாலும் இருக்கும். தெரிந்ததோடு ஒட்டி வரும் புதியது சீக்கிரம் பிடிக்கும். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எந்த மாத்திரை போட்டாயிற்று என்று ஒரு நோட்டில் அவளே எழுதட்டும். எழுதிப் பழகினால் சோம்பேறி ஆகிவிடுவாள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வேண்டாம்.

கல்யாணம்

தங்கைக்கு 20 வயது. சட்டப்படி அவள் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது, உங்கள் கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அவளைக் கேளுங்கள். தை மாதத்தில் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது. நோய் எதிர்ப்பைக் குறைக்க அவள் சாப்பிடும் மைக்கோபீனோலேட், கருவில் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கக் கூடியது. அதை நிறுத்தி, மருத்துவர் சொல்லும் இடைவெளி விட்ட பிறகுதான் கர்ப்பம் பற்றி யோசிக்க வேண்டும். ரிட்டுக்ஸிமாபுக்குப் பிறகும் காத்திருக்கச் சொல்வார்கள்.

மறைப்பதை நான் ஏற்கவில்லை. மறைத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுவாள் அல்லது விட்டுவிடுவாள், இரண்டுமே ஆபத்து. நோய் திரும்பினால் அங்கே யாருக்கும் அடையாளம் தெரியாது, மறுபடி காத்து கருப்பு என்பார்கள். முக்கியமான உண்மையை மறைத்து நடந்த திருமணத்தை ரத்து செய்யக் கோர இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவு வழிவிடுகிறது. அந்த விவரத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நல்லபடியாகத் தேறியபின், “மூளையில் அழற்சி வந்தது, சிகிச்சை எடுத்துச் சரியானது” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையாகச் சொல்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. பரம்பரையாக வருகிற வியாதி இல்லை இது. அவள் பிள்ளைகளுக்கு வந்துவிடுமோ, உங்கள் தம்பிக்கு வருமோ என்ற பயம் வேண்டாம்.

போனில் இருக்கும் வீடியோ

பேய் என்று நினைத்த நாட்களில் எடுத்த வீடியோக்கள் உறவினர் போனில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் நேரில் போய் அழிக்கச் சொல்லுங்கள், அண்ணனாக நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது இது. மருத்துவரிடம் காட்ட ஒன்றை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளலாம். என்ன நடந்தது என்று அவள் கேட்கும்போது, கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். வீடியோவை அவளே கேட்டால் தவிரக் காட்டாதீர்கள். அப்போதும் தனியாகப் பார்க்க விட வேண்டாம்.

திரும்பி வருமா?

அதே ஆய்வில் இரண்டு ஆண்டுக்குள் 12 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தூக்கமில்லாமல் இருப்பது, காரணமில்லாத சந்தேகம், பேச்சு குழறுவது அல்லது அடங்கிப்போவது, வாயும் முகமும் தானாக அசைவது, வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் சிகிச்சை தந்த மருத்துவரை அன்றே அழையுங்கள். வலிப்பு என்றால் 108.

இன்னொன்று விட்டுப்போகக் கூடாது. சில பெண்களுக்குச் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இருக்கும். அதற்குள் நரம்புத் திசுவும் வளர்வதால், அதை எதிர்க்கக் கிளம்பிய ஆன்டிபாடி மூளையையும் தாக்குகிறது. தங்கையின் ஸ்கேனில் கட்டி இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் சிறியதாக இருந்தால் முதல் தடவை தெரியாமல் போகலாம், பிறகும் வரலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, சில ஆண்டுகளுக்கு அடிவயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வது வழக்கம். கல்யாணமாகாத பெண்ணுக்கு எதற்கு இந்த ஸ்கேன் என்று வீட்டில் தயங்கினால், வயிற்றின் மேலேயே வைத்து எடுப்பது என்று விளக்குங்கள். முந்தைய ஸ்கேன் தேதியைப் பார்த்தால் அடுத்ததற்கு நேரமாகிவிட்டது என்று தெரிகிறது. அடுத்த முறை பெங்களூர் போகும்போது அதையும், ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் செய்யும் நரம்பு உளவியல் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். எந்த இடத்தில் குறை இருக்கிறது என்று எண்ணிக்கையாகத் தெரிந்தால் பயிற்சியை அதற்கேற்ப அமைக்கலாம், ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டும் பார்க்கலாம். அந்த அறிக்கை வந்ததும் விருப்பமிருந்தால் எனக்கு எழுதுங்கள்.